இரண்டு கடைவாய்ப்பல் இல்லாத அம்மாவுக்கு இம்ப்ளாண்ட் வைக்கலாமா?

கேள்வி இதுதான். அம்மாவுக்கு 62 வயது. கீழ்த்தாடையில் வலப்பக்கம் அடுத்தடுத்த இரண்டு கடைவாய்ப்பற்களை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பின்னால் ஒரு ஞானப்பல் மட்டும் முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. சர்க்கரை நோய் உண்டு. ஒரு கிளினிக்கில் இரண்டு இம்ப்ளாண்ட் வைக்க வேண்டும், நாலைந்து மாதம் ஆகும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் மூன்றே நாளில் நிலையான பல் கட்டித் தருகிறோம் என்கிறார்கள். மூன்றாவது டாக்டர், ஞானப்பல்லையும் முன்னால் இருக்கும் பல்லையும் பிடித்து, நடுவில் பாலம் மாதிரி செயற்கைப் பல் நிற்கும் பிரிட்ஜ் போட்டுவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

நான் பல் மருத்துவம் பார்க்க ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து என் பதிலைச் சொல்கிறேன். அம்மாவுக்கு இம்ப்ளாண்ட் வைக்கலாம். ஆனால் சர்க்கரை அளவும் எலும்பும் தெரியாமல் தேதி குறிக்க வேண்டாம். மூன்று நாள் பல் அம்மாவுடைய பிரச்சினைக்கான வைத்தியம் இல்லை. அந்த பிரிட்ஜையும் நான் போட மாட்டேன். இரண்டு இம்ப்ளாண்ட் கட்டாயமா என்பதையும் ஒருமுறை யோசிக்கலாம், ஒன்றே போதுமானதாக இருக்கலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விவரமாகப் போக வேண்டும்.

இம்ப்ளாண்ட் என்றால் பல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பல் இல்லை, பல்லுடைய வேருக்குப் பதிலாக எலும்புக்குள் வைக்கும் டைட்டானியம் திருகு. நாலு, ஐந்து மில்லிமீட்டர் தடிமன், பத்து மில்லிமீட்டர் அளவுக்கு நீளம். அதற்கு மேல் ஈறுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு தூண், அந்தத் தூணின் மேல் பல் வடிவத்தில் ஒரு கேப். வாயில் பார்த்தால் தெரிவது கேப் மட்டும்தான். ஆனால் வைத்தியம் நிற்பதும் விழுவதும் அந்தத் திருகை எலும்பு பிடித்துக்கொள்கிறதா என்பதில் இருக்கிறது. டாக்டர் திருகை வைக்கத்தான் முடியும். பிடிக்க வைப்பது எலும்பின் வேலை.

எலும்பு டைட்டானியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதே ஒரு தற்செயலில்தான் தெரியவந்தது. 1952ல் ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் செய்த ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து அதைக் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. விலை உயர்ந்த கருவி வீணாகிவிட்டதே என்று அவர் விட்டுவிடவில்லை, பல வருடம் அதன் பின்னாலேயே போனார். 1965ல் பிறவியிலேயே தாடைக் குறைபாட்டோடு, கீழ்த்தாடையில் பல் இல்லாமல் இருந்த யோஸ்தா லார்சன் என்பவருக்கு கோத்தன்பர்க் நகரத்தில் டைட்டானியம் இம்ப்ளாண்ட் வைத்தார். லார்சன் 2006ல் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அவை அவர் வாயில் வேலை செய்தன. இதை நான் சொல்வதற்குக் காரணம், அந்த ஆரம்ப நாட்களில் திருகை வைத்துவிட்டு ஈறை மூடி, கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் பொறுத்திருந்துதான் பல் கட்டினார்கள். இன்று திருகின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, பதப்படுத்தித் தருகிறார்கள், அதனால் காத்திருக்கும் காலம் குறைந்திருக்கிறது. காத்திருப்பதே தேவையில்லை என்று ஆகிவிடவில்லை.

அந்த வாரங்களில் எலும்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் அவசரப்பட மாட்டீர்கள். திருகை வைத்த அன்று அது இறுக்கமாகத்தான் இருக்கும். மரத்தில் ஸ்க்ரூ இறங்கின மாதிரி ஒரு பிடிப்பு. ஆனால் அடுத்த சில வாரங்களில் உடம்பு தன் வேலையை ஆரம்பிக்கிறது. திருகைச் சுற்றி நசுங்கின பழைய எலும்பை அரித்து எடுத்துவிட்டுப் புது எலும்பைக் கட்டுகிறது. பழைய பிடிப்பு தளர்ந்து புதுப் பிடிப்பு இன்னும் சேராத ஒரு இடைவெளி, ஏறக்குறைய மூன்றாவது நான்காவது வாரத்தில் வருகிறது. வைத்த அன்றைவிட அப்போதுதான் இம்ப்ளாண்ட் பலவீனமாக இருக்கும். வலி இருக்காது, வீக்கம் வற்றியிருக்கும், நோயாளி எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்தப் பக்கமே முறுக்கைக் கடிப்பார். அந்த நேரத்தில் இம்ப்ளாண்ட் நுண்ணிய அளவில் ஆடிக்கொண்டே இருந்தால், அதைச் சுற்றி எலும்புக்குப் பதில் மெல்லிய சதை நார் வளர்ந்துவிடும். அப்புறம் அது பிடிக்கவே பிடிக்காது, எடுத்துவிட வேண்டியதுதான்.

மூன்று நாளில் பல் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அது வேறு வகை இம்ப்ளாண்ட். திருகும் தூணும் ஒரே துண்டாக இருக்கும், நீளமாக இருக்கும், தாடையின் அடியிலோ ஓரத்திலோ இருக்கும் கெட்டியான எலும்பில் போய்ப் பிடிக்கும். பலவற்றை வைத்து உடனே எல்லாவற்றையும் ஒரே பாலமாகச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள், ஒன்றின் பாரத்தை மற்றது தாங்கும். ஒரு தாடையே பல்லில்லாமல் எலும்பும் தேய்ந்துபோனவர்களுக்கு அதற்கு ஒரு இடம் உண்டு. அம்மாவுக்கு இல்லாதது ஒரு ஓரத்தில் இரண்டு பல். மற்ற பற்களெல்லாம் இருக்கின்றன. சுற்றி வளைத்துக் கட்டித் தாங்கிக்கொள்ள அங்கே இடமே இல்லை. வழக்கமான இம்ப்ளாண்டுக்கு இருக்கும் அளவு நீண்டகால ஆய்வும் அந்த முறைக்கு இல்லை. மூன்று நாளா மூன்று மாதமா என்பது கல்யாண வீட்டுக்கு முன்பல் கட்டுகிறவருக்குப் பெரிய விஷயம். வெளியே தெரியாத கடைவாய்ப்பல்லுக்கு அவசரம் எதற்கு? இரண்டு வருடம் இல்லாமல் இருந்த பல் இன்னும் சில மாதம் இல்லாமல் இருக்கலாம்.

சரி, பிரிட்ஜுக்கு வருவோம். பிரிட்ஜ் மட்டமான வைத்தியம் இல்லை. இரண்டு பக்கமும் உறுதியான பல் இருந்து, அவற்றில் ஏற்கெனவே பெரிய அடைப்போ கேப்போ இருந்தால் நானே பிரிட்ஜைத்தான் சொல்வேன். இம்ப்ளாண்டைவிடச் செலவு குறைவு, இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும், அறுவை கிடையாது. அம்மாவுடைய நிலைமை அதற்குப் பொருந்தவில்லை என்பதுதான் சிக்கல். வாயில் அதிகப் பாரம் விழுகிற இடமே கடைவாய்தான். அங்கே இல்லாமல் போன இரண்டு பெரிய பற்களின் பாரத்தையும், முன்னால் இருக்கும் ஒற்றை வேர் சின்னப்பல்லும் பின்னால் சாய்ந்து நிற்கும் ஞானப்பல்லும் சுமக்க வேண்டும். பிரிட்ஜ் நேராக இறங்க வேண்டும் என்றால் சாய்ந்த ஞானப்பல்லை நிறைய செதுக்க வேண்டும், அதில் வேர் சிகிச்சையும் தேவைப்படலாம். பிரஷ் எட்டாத மூலை வேறு. நாலைந்து வருடத்தில் ஏதாவது ஒரு பக்கம் சொத்தையாகி, பிரிட்ஜோடு அதைத் தாங்கும் பல்லும் போய்விடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு பல் இல்லாத வாய் அப்போது மூன்றோ நாலோ பல் இல்லாத வாயாகிறது.

இரண்டு பல்லுக்கு இரண்டு இம்ப்ளாண்ட் என்பது கணக்குக்குச் சரி, வாய்க்கு எப்போதும் அப்படித் தேவைப்படுவதில்லை. நெதர்லாந்தில் நைமேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கைசர் 1981லேயே இதை எழுதினார். முன்பற்களும் அவற்றுக்கு அடுத்த சின்னக் கடைவாய்ப்பற்களும் நல்ல நிலையில் இருந்தால், கடைசிப் பெரிய பற்கள் இல்லாமலும் பலரும் திருப்தியாகச் சாப்பிடுகிறார்கள். அதனால் முதல் கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் மட்டும் ஒரு இம்ப்ளாண்ட் வைத்து, அடுத்ததை அப்படியே விட்டுவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. அப்படி விட்ட இடத்துக்கு நேர் மேலே இருக்கும் பல் கீழே எதிர்ப்பு இல்லாமல் மெல்ல இறங்கி வருகிறதா என்று மட்டும் அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும், சுத்தம் செய்வதும் சுலபம்.

இப்போது சர்க்கரை. சர்க்கரை இருக்கிறது, அதனால் இம்ப்ளாண்ட் கூடாது என்பது பழைய பேச்சு. கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரை தடையில்லை. விரலில் குத்திப் பார்க்கும் அன்றைய அளவை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பல் டாக்டரிடம் போகிறோம் என்று இரண்டு நாள் இனிப்பைத் தொடாமல் இருந்தாலே அது இறங்கிவிடும். மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி வேண்டும். 7 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதியாகச் செய்வேன். 7க்கும் 8க்கும் நடுவில் இருந்தால் சர்க்கரை டாக்டரோடு பேசிவிட்டு முடிவெடுப்பேன். 8ஐத் தாண்டினால், சராசரி இறங்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். சர்க்கரை ஏறிய உடம்பில் காயமும் மெதுவாக ஆறும், எலும்பும் மெதுவாகத்தான் கூடும்.

சர்க்கரையைவிட எனக்குக் கவலை தருவது, கேட்காமல் விட்டால் யாரும் சொல்லாத மாத்திரைகள். அம்மாவுக்கு எலும்புத் தேய்மானத்துக்கு, அதாவது எலும்பின் அடர்த்தி குறைவதற்கு என்று வாரம் ஒரு மாத்திரையோ, ஆறு மாதத்துக்கு அல்லது வருடத்துக்கு ஒருமுறை ஊசியோ போடுகிறார்களா? அலென்ட்ரோனேட், சோலட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் என்று பெயர் இருக்கும். எலும்பு மருந்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து இதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். இந்த மருந்துகள் எடுப்பவர்களுக்குத் தாடையில் கை வைத்தால், சிலருக்கு அந்த இடத்து எலும்பு ஆறாமல் செத்துப்போகிறது. தேய்மானத்துக்குக் கொடுக்கும் அளவில் அது அபூர்வம், புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவில் ஆபத்து மிக அதிகம். கட்டாயம் சொல்லிவிடுங்கள். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், ஆனால் யாரையும் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புகையிலையோடு வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பாக்குப் பழக்கம் நாள்பட்டால் கன்னச் சதை இறுகி வாய் திறப்பது குறைந்துவிடும், கடைவாயில் கருவி நுழையவே இடம் இருக்காது.

அடுத்தது எலும்பு. பல்லை எடுத்தவுடன் அதைத் தாங்கி நின்ற எலும்புக்கு வேலை போய்விடுகிறது, தேயத் தொடங்குகிறது. முதல் ஒரு வருடத்துக்குள்ளேயே அகலத்தில் பாதிவரை போய்விடும், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். அம்மாவுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது. திருகைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் எலும்பு வேண்டும், ஐந்து மில்லிமீட்டர் திருகுக்கு ஏழு மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும். விரலால் தடவிப் பார்த்தால் ஈறு தடிமனாகத் தெரியும், உள்ளே எலும்பு கத்தி முனை மாதிரி இருக்கும். இதைச் சாதாரண எக்ஸ்ரே காட்டாது, அது நீளத்தையும் உயரத்தையும்தான் காட்டும். சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் வேண்டும்.

கீழ்த்தாடையில் ஸ்கேனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைவாய்ப்பற்களுக்கு அடியில் எலும்புக்குள் ஒரு கால்வாய் மாதிரி நரம்பு ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். திருகின் நுனிக்கும் அந்த நரம்புக்கும் குறைந்தது இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அதில் பட்டால் உதடு மரத்துப்போகும், காபி உதட்டோரம் வழிவதுகூடத் தெரியாது. சிலருக்கு அது திரும்பி வருவதே இல்லை. ஸ்கேன் எடுக்காமல் கீழ்த்தாடையின் பின்பக்கத்தில் இம்ப்ளாண்ட் வைக்கிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அறுவை என்றதும் அம்மா பயப்படுவார்கள். பல் பிடுங்கினபோது பட்ட கஷ்டத்தைவிட இது குறைவுதான் என்று சொல்லுங்கள், பல் எடுத்ததைவிட இது சுலபம் என்று எழுந்து போகும்போது சொல்லாதவர்கள் குறைவு. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை ஒரு சின்னக் கோடாகத் திறந்து, மெல்லிய ட்ரில்லில் ஆரம்பித்து ஒவ்வொரு அளவாகத் துளையைப் பெரிதாக்குவோம். சொத்தைக்குப் போடும் மெஷினின் கிரீச் சத்தம் இருக்காது. மெதுவாகச் சுற்றும், தாடையில் ஒரு அதிர்வு மட்டும் தெரியும், வாய் நிறையச் சலைன் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் சும்மா இல்லை. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் செல்கள் சாகத் தொடங்கும். சூடு பட்ட எலும்பு திருகைப் பிடிக்காது. கடைசியில் திருகைக் கையாலோ மெஷினாலோ முறுக்கி இறக்கி, எவ்வளவு இறுக்கத்தில் நின்றது என்று அளந்து குறித்துக்கொள்வோம். ஒரு திருகுக்கு முக்கால் மணி நேரம் போதும். இரண்டு மூன்று நாள் வீக்கம், குளிர்ந்த சாப்பாடு, ஒரு வாரத்தில் தையல் பிரிப்பு.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மெல்லிய நார்ச் சவ்வு உண்டு. சோற்றில் ஒரு சின்னக் கல் அகப்பட்டால் சட்டென்று வாய் திறந்துகொள்கிறதே, அதற்கு முக்கியக் காரணம் அந்தச் சவ்வு. இம்ப்ளாண்டுக்கு அது கிடையாது, நேராக எலும்பில் நிற்கிறது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பது அதற்குச் சரியாகத் தெரியாது. கிருமியைத் தடுக்கும் ஈறுப் பிடிப்பும் இம்ப்ளாண்டைச் சுற்றிப் பல்லைச் சுற்றி இருப்பதைவிடத் தளர்வு. அதனால் அழுக்குச் சேர்ந்து ஈறு வீங்கினால், நோய் எலும்புவரை சீக்கிரம் இறங்கிவிடும். பெரும்பாலும் வலிக்காது. பிரஷ் பண்ணும்போது ரத்தம், கொஞ்சம் கெட்ட வாடை, அவ்வளவுதான் தெரியும். இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது என்பது உண்மை. ஆனால் ஈறு நோய் வரலாம். ஏற்கெனவே ஈறு நோயில் பல் போனவர்களுக்கு அது வர வாய்ப்பு இன்னும் கூடுதல். அம்மாவுடைய பற்கள் சொத்தையில் போனதா, ஆடி விழுந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. ஆடி விழுந்திருந்தால் முதலில் மிச்சப் பற்களின் ஈறுக்கு வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் இம்ப்ளாண்டைப் பற்றிப் பேச வேண்டும். தினமும் ராத்திரி பல் இடுக்கு பிரஷ்ஷால் கேப்பின் இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளீனிங்குக்குப் போக வேண்டும். இதற்குத் தயாரில்லை என்றால் கழற்றி மாட்டும் பல்செட்டே நல்லது, மனசார சொல்கிறேன்.

கேப்பைச் சிமெண்ட் வைத்து ஒட்டுவார்களா, ஸ்க்ரூவில் முடுக்குவார்களா என்றும் கேளுங்கள். ஒட்டும்போது பிதுங்கி வரும் சிமெண்ட் ஈறுக்கு அடியில் துளி தங்கிவிட்டால், மேலே சொன்ன நோய்க்கு அதுவே விதை. கடைவாயில் முடிந்தவரை ஸ்க்ரூ வகையைத்தான் நான் விரும்புவேன். வேண்டும்போது கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மாட்டலாம்.

ஒரு வருடத்துக்கு முன் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். ஏழு வருடத்துக்கு முன் வேறு ஊரில் வைத்த இம்ப்ளாண்ட். கேப் ஆடுகிறது. தொட்டுப் பார்த்தேன், திருகு பாறை மாதிரி எலும்பில் நிற்கிறது, கேப்பைப் பிடித்திருக்கும் உள் ஸ்க்ரூ மட்டும் தளர்ந்திருக்கிறது. சரியான சாவி இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு சாவி. வைத்த கிளினிக்கை மூடிவிட்டார்கள், என்ன கம்பெனி என்று அவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. என்னிடம் இருந்த நாலைந்து சாவியும் சேரவில்லை. எக்ஸ்ரேயில் திருகின் வடிவத்தைப் பார்த்து ஊகித்து, தெரிந்த டாக்டர்களுக்கெல்லாம் படம் அனுப்பி, சாவி கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதுவரை அவர் ஒரு பக்கமாகவே மென்றார். இம்ப்ளாண்ட் வரும் டப்பாவிலேயே கம்பெனி பெயர், அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றை டாக்டர் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார், இன்னொன்றை உங்களுக்குத் தர வேண்டும். கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.

செலவு ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தமிழ்நாட்டில் கேப்போடு சேர்த்து ஒரு பல்லுக்குச் சுமார் 25,000 ரூபாயிலிருந்து 60,000 வரை கேட்கிறார்கள். கொரியக் கம்பெனிகள் இடைப்பட்ட விலையில் வரும், சுவிஸ், ஸ்வீடன் கம்பெனிகள் மேலே போகும். அம்மாவுக்கு விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்று கடன் வாங்க வேண்டாம். பல வருடமாகச் சந்தையில் இருந்து, உதிரிப் பாகம் சுலபமாகக் கிடைக்கும் எந்தக் கம்பெனியும் போதும். ரொம்பக் குறைத்துச் சொன்னால் அதில் ஸ்கேன், தூண், கேப் எல்லாம் சேர்த்தியா, எலும்பு போதாமல் எலும்புத் தூள் வைக்க நேர்ந்தால் அதற்குத் தனியாகவா என்று எழுதி வாங்குங்கள். பணம் நெருக்கடி என்றால், பல் மருத்துவக் கல்லூரிகளில் மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த செலவில் செய்கிறார்கள். நாலு தடவை கூடுதலாக அலைய வேண்டியிருக்கும், ஆனால் அங்கே அவசரப்பட மாட்டார்கள்.

பல் முழுக்கப் போனவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் அப்பாவுக்குக் கீழ்ப் பல்செட் நிற்கவே நிற்காது. பேசினால் மிதக்கும், சாப்பிட்டால் அடியில் பருக்கை புகுந்து குத்தும். சாப்பாட்டு நேரத்தில் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஈறாலேயே மெல்லுவார். கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டே இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து, பல்செட்டின் அடியில் டிச் பட்டன் மாதிரி மாட்டும் பிடிப்பை வைத்துக் கொடுத்தேன். ஒரு தாடைக்கு ஆறும் எட்டும் வைக்க வேண்டும் என்பதில்லை. பல் இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளாண்ட்மேல் நிற்கும் பல்செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். மாட்டின மறுநாள் அப்பா கேட்டது வறுத்த வேர்க்கடலை.

அம்மா விஷயத்துக்குத் திரும்பி, இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஹெச்பிஏ1சி எடுங்கள். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், போட்ட ஊசிகளின் சீட்டையும் ஒரு கவரில் போடுங்கள். சிபிசிடி எடுத்துப் படத்தைக் கையில் வாங்குங்கள், அந்த ஸ்கேன் உங்களுடையது, வேறு டாக்டரிடமும் காட்டலாம். பிறகு நாலைந்து மாதம் ஆகும் என்று சொன்ன அந்த முதல் கிளினிக்குக்குப் போய், ஞானப்பல்லை எடுக்க வேண்டுமா, முதல் கடைவாய்ப்பல் இடத்தில் ஒன்று மட்டும் வைத்தால் போதுமா என்று கேளுங்கள். அவர் படத்தைத் திரையில் போட்டு, நரம்பு எங்கே ஓடுகிறது, எலும்பு எத்தனை மில்லிமீட்டர் என்று உங்களுக்குக் காட்டிப் பேசினால், அவரிடமே செய்துகொள்ளுங்கள்.